அத்தை மாசம்

அன்று எங்கள் வீட்டில் பெரியப்பா இருந்தார். சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அப்பா, அம்மா, நான் இருந்தோம். பெரியம்மா எங்கள் மேல் இருந்த கோபத்தில் வரவில்லை. அத்தை கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான் என்பதால், பையக் குளித்தாள் என்று நினைக்கிறேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா, உடன்பிறந்தவர்களில் மூத்தவள். பிள்ளை கிடையாது. மாமா ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்து இறந்துபோனார். அதன் பிறகு அவளுக்கு மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் பெரியப்பா வீடு, மேலப்பாளையம் பக்கம் எங்கள் வீடு, பேட்டையில் சித்தப்பா வீடு என்று மூன்று தம்பிகளும் முறை வைத்து மாதத்துக்கு ஒரு வீடாக அவளை வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் சாப்பாடோ அந்த வீட்டுக்கு அந்த மாதப் பென்ஷன்.

அப்பாவுக்கு வெள்ளையடிக்கிற வேலை. மழை பெய்தால் அதுவும் இல்லை. அம்மாவுக்குப் பீடிக் கூலி வாராவாரம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஆகவே அத்தை எங்கள் வீட்டில் இருக்கும் மாதத்தில்தான் கேஸ் வாங்குவோம், பலசரக்குக் கடைப் பாக்கியை அடைப்போம். எனக்கு முட்டை கிடைக்கும். அதற்கு 'அத்தை மாசம்' என்றே பெயர். முட்டையை அத்தைதான் எங்கிருந்தோ கொண்டுவருகிறாள் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பென்ஷன் நின்றது. பென்ஷன் ஆபீசில் போய்க் கேட்டால், "ரூவா வந்தா போடுவோம், போங்கம்மா" என்றார்கள். அப்போது அவள் பெரியப்பா வீட்டில் இருந்தாள். மறுமாதம் ஒன்றாம் தேதி எங்கள் முறை. பெரியப்பா அதுவரை பொறுக்காமல் முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அந்த மாதமும் பணம் வரவில்லை. அடுத்து சித்தப்பா அழைக்க வந்தபோது அம்மா விடவில்லை.

"ரெண்டு நாள் இருங்க மதினி, ரூவா இந்தா வந்திரும்."

ஒரு மாதம் சோறு போட்டது நாம், பணம் பேட்டையில் போய் விழுந்தால் என்ன செய்வது என்பது அம்மாவின் பயம். அந்த இரண்டு நாள் இரண்டு மாதம் ஆனது. முதலில் அத்தைக்குப் பால் காப்பி. பிறகு பால் குறைந்தது. பிறகு கடுங்காப்பி. பணம் வரப்போகிறது என்று யாராவது சொன்னால் மறுநாள் காலை மட்டும் பால் திரும்ப வரும். அத்தை எந்த நாளில் என்ன தப்பு செய்கிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. அவள் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் குடித்துவிட்டு அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக்கொடுக்க உட்காருவாள். கடையிலோ அண்ணாச்சி என் பையை வெறுமனே திருப்பித் தந்து, "ஏலே, இனி அம்மைய வரச் சொல்லு" என்றுவிட்டார்.

இந்த நிலையில், சித்தி வீட்டுப் பக்கத்தில் இன்னொரு மில்காரர் மனைவிக்கு நாலு மாதப் பென்ஷனும் மொத்தமாக வந்துவிட்டது; அப்படியானால் அத்தைக்கும் வந்திருக்கும். மறுநாளே சித்தி ஒரு சீப்புப் பழத்தோடு வந்து, "வாங்க மதினி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று சிரித்தாள். சேதி தெரிந்து பெரியப்பாவும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"மூணாவது மாசம் எங்க முறை. கூப்பிட வந்தும் நீங்கதான் அனுப்பல. அந்த ரூவா எங்களுக்குத்தான்," என்றாள் சித்தி.

"அப்பம் மொத மாசத்தோட நாலாவது மாசமும் எம் முறைல்லா?" என்றார் பெரியப்பா.

"முறைய வச்சி நாக்கு வழிக்கவா? மூணு மாசம் சோறு போட்டது யாரு?" என்றாள் அம்மா.

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "கடுங்காப்பிக்கு மாசம் ஆயிரத்தைந்நூறா மதினி? பெரிய ஓட்டல்லகூட அவ்வளவு கெடையாதே."

அப்பா முகட்டைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் கணக்குப் படித்தவன் நான் ஒருவன்தான். பெரியப்பாவுக்கு இரண்டு மாதம், சித்தப்பாவுக்கு ஒன்று, எங்களுக்கு மூன்று. கூட்டினால் ஆறு. வந்திருப்பது நாலு மாதப் பணம். நாலு மாதத்துக்குள் ஆறு மாதம் எப்படி இருக்க முடியும்? விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கை இன்னும் நடத்தவில்லை போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அத்தை ஈரத்தலையோடு உள்ளே வந்தாள். "ஏலே, பாஸ்புக்க எடு, பேங்குக்குப் போயிட்டு வருவோம்," என்றாள் அப்பாவிடம்.

மத்தியானம் திரும்பி வந்து, பெரியப்பா கையில் ஆயிரத்தைந்நூறு வைத்தாள். அம்மா கையில் மூவாயிரம். சித்தியைப் பார்த்து, "ஏளா, ஒன் வீட்ல நான் சோறு திங்கலியே," என்றாள்.

"எங்களுக்கு மூணு மாசம்லா மதினி?" என்றாள் அம்மா, தாழ்ந்த குரலில்.

"ஒரு மாசச் சோத்துக்கு எல வெட்டினேன்லா, அது சரியாப் போச்சு. மீதிக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன். இனி பீடி சுத்திக்கிடுவேன்."

எனக்குக் குழப்பம் தாங்கவில்லை.

"அது யாரு முறை அத்தை?" என்று கேட்டேன்.

"எம் முறைலே," என்றாள்.

அன்று சாயங்காலமே போய்விட்டாள். கடைப் பாக்கி அடைந்தது. எனக்கு முட்டை வந்தது. நாம்தான் அதிகம் வாங்கினோம், ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் ஒன்றாம் தேதி தவறாமல் வர ஆரம்பித்தது. பெரியம்மாவும் சித்தியும் போட்டி போட்டுக்கொண்டு குழம்பு எடுத்துப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் குழம்பை வாங்கிக்கொண்டாளாம்.

சில நாள் கழித்து, அம்மா தனியாக இலை வெட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நீதான் கணக்குப் படிக்கியே. அத்தை வருசத்துல நாலு மாசம் நம்ம வீட்ல இருப்பால்லா. நாலு ஆயிரத்தைந்நூறு எவ்வளவுலே?"

நான் சட்டென்று சொன்னேன். அம்மா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் பெருக்கலில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சத்தமாகப் போட்டுக் காட்டினேன்.

"சரிதாம்மா. வருசத்துக்கு ஆறாயிரம்."