பாஞ்சாலி குழாயை மூடினாள்

பிள்ளைப்பாக்கத்தில் ஸ்ட்ராபெர்ரி போட்டவள் பாஞ்சாலி ஒருத்திதான். மலைச்செடி இந்த வெக்கையில் பிழைக்குமா என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நிழல்வலைக்குள் ஐப்பசியில் நட்டது கார்த்திகையில் பூத்தே விட்டது. அவளுக்குப் பயமெல்லாம் புருஷன் கோதண்டத்தின் பேச்சில்தான். "பொங்கலுக்குள்ள பழம் வரலன்னா நெலத்த பிளாட்டுக்காரனுக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டான்.

பாஞ்சாலி செல்போன் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் நின்றவள். கண்ணாடியில் பொட்டுத் தூசி இருந்தாலும் ரிஜெக்ட். வேலையை விட்டாலும் அந்தக் கண் விடுமா? ஒரகடம் ரோட்டு லாரிப் புழுதி இலையில் படிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. தினமும் பொழுது சாயும்போது குழாயைப் பிடித்துச் செடிகளைக் குளிப்பாட்டுவாள். புழுதி வராமல் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் வேறு கட்டினாள்.

மார்கழி பிறந்ததும் பழங்களில் சாம்பல் நிறப் பூஞ்சை பிடித்தது. தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. மருந்தடித்தாள். அடங்கவில்லை. ஒருநாள் விடியலில் உள்ளே போனவள், முந்தின மாலை கழுவிய இலைகள் இன்னும் சொட்டுவதைப் பார்த்தாள். குழாய் எட்டாததால் குடத்தில் வேருக்கு ஊற்றிவந்த கோடிப் பாத்தியில் மட்டும் செடிகள் புழுதி அப்பிக்கொண்டு நோயில்லாமல் நின்றன. அடிப்பாவி, ராவெல்லாம் ஈரத்தில் நிறுத்தி நீயே கெடுத்தாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அழுதுகொண்டு உட்காரவில்லை. காற்று வரத் தாள்களைக் கிழித்தெறிந்தாள். அழுகின பழம், நோய்ப்பட்ட இலை, அவற்றை ஒட்டிச் சிவந்திருந்த நல்ல பழம் எல்லாவற்றையும் கிள்ளிக் கோணியில் போட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த கோதண்டம் பதறினான்.

"இன்னாமே, பழுத்ததயும் பறிச்சிகினு கீற? பொங்கலுக்கு இன்னாத்த காட்டுவ?"

"செடி இருந்தா பழம் வரும். நீ கோணிய புடி."

அதற்குப் பிறகு காலையில் வேருக்கு மட்டும்தான் தண்ணீர். இலைமேல் புழுதி ஏற ஏற அவளுக்குக் கழுவக் கை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விட்டுவைத்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

பொங்கலன்று ஒரு கிண்ணம் நிறையப் பறித்து வந்து கோதண்டத்தின் முன்னால் வைத்தாள்.

"ஒரே தூசியா கீது" என்றான்.

"துன்றப்ப கழுவினா போதும். செடியில கழுவக் கூடாது."

கழுவி ஒன்றை வாயில் போட்டான். இன்னொன்றையும் போட்டான். போன் அடித்தது. பிளாட்டுக்காரன். கோதண்டம் அதைக் கட் பண்ணிவிட்டு, கிண்ணத்தோடு எழுந்து மீதிப் பழத்தைக் கழுவப் போனான்.