பம்பாய் ரேசரும் எதிர்வாடைச் சலூனும்

அந்த ரேசரை நான் பம்பாயில் வாங்கினேன். லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்த காலம். துறைமுகத்துப் பக்கம் நடைபாதையில் கப்பல் சாமான்களைப் பரப்பி விற்பார்கள். கைப்பிடியின் அடியில் ஒரு திருகு. அதைச் சுற்றினால் தலைப்பக்கம் இரண்டு கதவுகள் மாதிரித் திறக்கும். பிளேடைப் படுக்க வைத்து மறுபடி சுற்றினால் மூடிக்கொள்ளும். வாங்கிய அன்று லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து அதைத் திறந்து மூடிக்கொண்டே வந்தேன்.

"இன்னாடா, கோயில் நடையா சாத்திகினு வர்றே?" என்றார் டிரைவர்.

எனக்கு அதன்மேல் பிரியம் வந்தது அதன் பளபளப்பினால் இல்லை. அதற்கு முந்தின வருஷம் வடாற்காட்டில் ஒரு ஊரில் கிணறு ஆழப்படுத்தும் வேலையில் இருந்தேன். தாடி வளர்ந்து கழுத்து அரித்தது. ஆலமரத்தடியில் சவரம் செய்கிறவரிடம் போய் உட்கார்ந்தேன். துணியைக் கழுத்தில் கட்டினார். கிண்ணத்துத் தண்ணீரைக் கன்னத்தில் தடவினார். அப்புறம்தான், "எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ளே?" என்று கேட்டார். ஊரையும் எங்கள் தெருவையும் சொன்னேன். துணியை அவிழ்த்து உதறி மடித்தார். "தண்ணி தீர்ந்துபோச்சு. அப்பறம் வா" என்றார். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் பிழைப்பு அந்த ஊர்க்காரர்கள் கையில் இருந்தது, அவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. ஈரக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

ரேசர் ஊர் கேட்காது. தெரு கேட்காது. ஆற்றங்கரை, ரயிலடி, கல் குவாரி என்று எங்கே இருந்தாலும் ஒரு கண்ணாடித் துண்டும் கொஞ்சம் தண்ணீரும் போதும். பல வருஷம் அதை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, மாற்றுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன். முடி வெட்ட மட்டும் மதராசுக்குப் போவேன். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து வெட்டுவார்கள். அங்கே யாருக்கும் யாரையும் விசாரிக்க நேரம் கிடையாது.

இப்படியே ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைப் பலப்படுத்தும் மண்வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாய இறக்கிவிடுவார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்தேன். கூட இருந்தவன் காஞ்சிபுரம் பக்கத்துக்காரன். அவனும் அப்போது மண் சுமக்கிறவன்தான். என்னைவிடச் சின்னவன். பேசிக்கொண்டே இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கடைத்தெருவில் எதிர்வாடைச் சலூனுக்குப் போவான். நான் அறைக்கு வெளியே அடிபம்புப் பக்கம் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் செருகி, குளிக்கிற சோப்பையே நுரைத்துப் பூசிக்கொண்டு ரேசரைப் பிடிப்பேன். நான் முடித்து, துணி துவைத்து, சோறு வடித்த பிறகுதான் அவன் திரும்பி வருவான். பவுடர் வாசனை முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். கன்னம் கத்தரிக்காய்த் தோல் மாதிரி வழவழவென்று இருக்கும். வாயைத் திறந்தால் ஊர்ச் செய்தி முழுவதும் கொட்டும். பிள்ளைப்பாக்கத்தில் யார் நிலம் விலைக்குப் போகிறது, ஒரகடம் ரோட்டில் எங்கே ஷெட் போடப்போகிறார்கள், எந்தக் கம்பெனியில் யாரை நிறுத்தினார்கள், எல்லாம் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் படுத்திருந்தோம். அவன் ஒரு ஊரில் இருந்தான், நான் வேறொரு ஊரில் இருந்தேன்.

எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் செய்திக்காக இல்லை. சலூனுக்கு எதிரில் ஒரு டீக்கடை. அங்கே நின்று பார்ப்பேன். அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். சலூன்காரர் அவன் மூக்கை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிவிட்டு மேலுதட்டில் கத்தியை ஓட்டுவார். தலையை இப்படித் திருப்புவார், அப்படித் திருப்புவார். அவன் குழந்தை மாதிரி விட்டுக்கொடுத்துவிட்டுக் கிடப்பான். எவனாவது என் தலையைக் கையில் வாங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தபடி டீயை ஆறவிடுவேன்.

அதற்கப்புறம் ரேசரின் குற்றங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கின. என் தாடி சுருட்டை. அது மேலாக வெட்டிவிட்டுப் போய்விடும், முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகக் கிளம்பும். தாடைக்குக் கீழே எப்போதும் ஒரு திட்டு தப்பிவிடும். இதெல்லாம் புதிதில்லை, முன்னாலும் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வழவழப்பான கன்னம் ஒன்று வந்து உட்காரும்வரை நான் அதைப் பார்க்கவில்லை. பிளேடுதான் சரியில்லை என்று மாற்றிப் பார்த்தேன். கண்ணாடி டம்ளருக்குள் பிளேடை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்துக் கூர் ஏற்றினேன். வெந்நீர் வைத்தேன். படிகாரம் தேய்த்தேன். அது என் கழுத்தைக் கிழித்த வழியிலேயே கிழித்துக்கொண்டிருந்தது.

இதற்குள் அவனுக்கு வேலை கிடைத்தது. நெடுஞ்சாலையோரம் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதற்கு ஆள் எடுத்துவிடும் மேஸ்திரி அந்தச் சலூனில்தான் சவரம் செய்துகொள்வார். பெஞ்சில் காத்திருக்கும்போதே ஆள் பார்த்துவிடுவார். காண்டிராக்ட் வேலைதான். ஆனாலும் ஷிப்ட், கேண்டீன் சாப்பாடு, ஓ.டி. என்று அவன் பேச்சே மாறிவிட்டது. நீலச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைத் துவைத்து என் கண்ணாடிக்கு முன்னால் காயப்போடுவான்.

நான் மண் சுமந்துகொண்டிருந்தேன். பிறகு ஏரிக்கரை வேலை முடியப்போவதாகச் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து லாரி வராது. எப்போதும்போல மூட்டையைக் கட்டிப் பஸ் ஏறியிருக்கலாம். என்னவோ, அந்தத் தடவை எனக்குப் போகப் பிடிக்கவில்லை. வயது ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கம்பெனி, ஒரு கேட், தினம் ஒரே இடத்தில் சாப்பாடு வேண்டும் போலிருந்தது.

ஒரு சாயங்காலம் அவனிடம் கேட்டேவிட்டேன். "அங்க ஆள் எடுத்தப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சிடுமா?"

அவன் உண்மையாகவே திகைத்தான். "உனக்கா? உனக்கு இன்னாத்துக்குப்பா இந்த வேலை?"

"ஏன், எனக்கு வயிறு இல்லியா?"

"நீ எங்கியோ பெரிய வூட்டுப் புள்ள, கோச்சிக்கினு வந்து மண்ணு சொமக்கிறேன்னு அங்க எல்லாரும் பேசிக்கினு கீறாங்க."

"எங்க?"

"சலூன்லதான். பம்பாய் ரேசரு, மஞ்சத் துணி, முடி வெட்டக்கூட மெட்ராஸ். சலூன்கார நைனா இன்னா சொல்றாரு தெரியுமா? 'தெனம் என் கடை வாசல்லதான் போறான், ஒரு நாளு தலைய உள்ள நீட்டல. என் கை பட்டா அவன் மூஞ்சி கயண்டு வுய்ந்துடுமா? நான் தொட்டா அவனுக்குத் தீட்டா?'ன்றாரு. மேஸ்திரிகிட்ட சும்மா உன் பேச்சை எடுத்தேன், பெரிய வூட்டுப் புள்ள எதுக்குன்னு அவரே வேணாம்னுட்டாரு."

பம்படிக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு குடம் தண்ணீர் அடித்தேன். தெருவைக் கேட்டு நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிடுவாரே என்று நான் எந்த மனுஷர் கடையை ஒதுங்கிப் போனேனோ, அவர் தன்னை நான் ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தார். இதை அறைக்காரனிடம் விளக்குவதானால் கிணற்று வேலை, ஆலமரம், கிண்ணத்துத் தண்ணீர் எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அறைக்குள் போய் ரேசரை எடுத்துப் பார்த்தேன். யார் தயவும் வேண்டாமல் வைக்கிற பொருள் என்று நான் நம்பியிருந்தது, ஊர் முழுக்க என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு போனேன். ரேசரைத் தொடாமல் விட்டிருந்ததால் தாடி முள்ளாக நின்றது. கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். பெஞ்சின் கோடியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தவர்தான் மேஸ்திரி என்று அவன் கண்ணாலேயே காட்டினான். சலூன்காரருக்கு என் அப்பா வயது இருக்கும், தடித்த கண்ணாடி போட்டிருந்தார்.

"வா நைனா, வா. கடைக்கு வயி தெரிஞ்சிதா?" என்றார்.

பெஞ்சு சிரித்தது. முறை வந்ததும் உட்கார்ந்தேன். துணியைக் கட்டி, மோவாயைத் தூக்கிப் பார்த்தார்.

"அட, இன்னாபா இது? கயுத்தா, கேவுரு அறுத்த கொல்லையா?"

"ரேசர்ல பண்ணிக்கிறதுண்ணே."

"எந்தூரு ரேசரு?"

"பம்பாய்."

"பம்பாய்க்காரன் மோவாய்க்குப் பண்ணதைச் செங்கல்பட்டு மோவாய்ல இஸ்தா இப்பிடித்தான் ஆவும்" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சு மறுபடி சிரித்தது. மேஸ்திரி பேப்பரை இறக்கவில்லை.

தண்ணீர் தடவினார். நுரை போட்டார். கத்தியைத் தோல்வாரில் தீட்டிவிட்டு வந்து, என் நெற்றியைப் பிடித்துச் சாய்த்து ஒரு பக்கக் கன்னத்தை முடித்தார். அப்புறம் கேட்டார்.

"ஆமா, உனக்கு எந்தூரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். தெருவையும் சேர்த்துச் சொன்னேன். எப்படியும் கேட்கப்போகிறார், பாதி முகத்தோடு எழுந்து போவதானால் இப்போதே போய்விடலாம் என்று தோன்றியது. கத்தி நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். கழுத்துத் துணி எப்போது அவிழும் என்று காத்திருந்தேன்.

கத்தியிலிருந்த நுரையை அவர் தன் புறங்கையில் வழித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் மழ உண்டா?"

"தெரியாதுண்ணே. நான் அங்க போயி ரொம்ப வருசம் ஆவுது."

"அப்ப உன்னைக் கேட்டு இன்னா புண்ணியம்" என்று மறுபக்கக் கன்னத்தைத் திருப்பினார். மூக்கைப் பிடித்துத் தூக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைப் பிடித்தால் யாருக்கும் வரும்.

மேஸ்திரி பேப்பரை மடித்தார். "யாரு நைனா இது?"

என்னிடம் கேட்கவில்லை, அவரிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறக்க முடியாது, உதட்டின்மேல் கத்தி இருந்தது.

"நம்ம கட ஆளு" என்றார் சலூன்காரர். "ஏரி வேலை முடியுதாம். உன் கம்பெனில எங்கனா சொருவி வுடேன். சும்மா ஒக்காந்தா இன்னும் நாலு எடத்துல கயுத்த அறுத்துக்குவான்."

மேஸ்திரி என் தோள்களைப் பார்த்தார். "நாளிக்கு மொத ஷிப்டு. கேட்டாண்ட வந்து நில்லு."

அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த என் அறைக்காரனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா நைனா இது, ஞாயம் வேணாமா? நான் கேட்டப்ப பாக்கலாம் பாக்கலாம்னு எத்தினி மாசம் இஸ்தே! இவன் இன்னிக்குத்தான் கடைக்குள்ள காலை வெச்சான், அதுக்குள்ள நம்ம ஆளா?"

"நீ தொணதொணன்னு கேட்டே, அதான் லேட்டு. இவன் கேக்கலியே" என்றார் சலூன்காரர், படிகாரத்தை என் கழுத்தில் தேய்த்தபடி. எரிந்தது. சுகமாக எரிந்தது.

திரும்பி வரும்போது அவன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். வழக்கமான செய்தி ஒன்றும் வாயிலிருந்து வரவில்லை. நான் கன்னத்தைத் தடவிக்கொண்டே பின்னால் போனேன். என் வாழ்நாளில் ஒருவன் என்னைப் பார்த்து வயிறு எரிந்தது அதுதான் முதல் தடவை. அதை அனுபவிப்பதற்காகவே டீக்கடையில் நின்று நிதானமாக ஒரு டீ குடித்தேன். அவனைக் கூப்பிட்டேன், வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவன் ஜன்னலுக்கு முன்னால் நின்று கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று கோபத்தில் சலூன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவன், தன் முகத்தைக் கத்திக்குக் காட்டாமலேயே வந்துவிட்டிருக்கிறான். புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் ஒருவர் தாடியோடு வருகிறவர்களை முறைக்கிறாராம். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்.

"அந்தப் பம்பாய் ரேசரைக் குடேன்" என்றான்.

அதன்மேல் எனக்கு அப்போது எந்தப் பிரியமும் மிச்சமில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்துப் பார்க்கக்கூட மனம் இல்லை. ஆனால் அவன் கையில் அது போவதை நினைத்துப் பார்த்தேன். அவனுக்கு மெல்லிய தாடி, வளைந்து கொடுக்கிற தோல். என்னிடம் இத்தனை வருஷம் முரண்டு பிடித்தது, அவன் கன்னத்தில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும்.

"பிளேடு இல்ல" என்றேன்.

"போன வாரந்தானே டம்ளர்ல தேச்சிகினு இருந்தே?"

"அது ஒடஞ்சிபோச்சி."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஒன்றாகவே கம்பெனிக்கு நடந்தோம். சூப்பர்வைசர் கேட்டில் இல்லை. பழைய ஆள் என்று அவனை யாரும் நிறுத்தவில்லை, தாடியோடு நேரே உள்ளே போய்விட்டான். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். மேஸ்திரி வந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, காய்ப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "போ, உள்ள போ" என்றார்.