அக்கா ஊருக்குப் போன ரயில்

எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற மனுஷனுக்கு ரயில் கம்பெனி எதற்கு என்று யாராவது கேட்டால், அவருக்கு நம்ம மோட்டார்காரரைத் தெரியாது என்று அர்த்தம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கட்டின காயிலில் வார்னிஷ் காய்கிற நேரத்தில் வீட்டோடு ஒட்டின கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். மேஜைமேல் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ரயில் விடுவார். ரயில் கம்பெனி நடத்துகிற விளையாட்டுதான். ஆனால் விளையாட்டு என்று அவரிடமே போய்ச் சொல்லிவிடாதீர்கள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஆரம்பத்தில் நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டவர்தான். பக்கத்துப் பக்கத்து ஊருக்கெல்லாம் தண்டவாளம் போட்டு, எல்லா ஊரிலும் வண்டியை நிறுத்தினார். வண்டியில் கூட்டம் பிதுங்கியது, கல்லாவில் காற்றடித்தது. கூப்பிடு தூரத்துக்கு டிக்கெட் காசு எவ்வளவு வந்துவிடும்? சரி, வண்டி நிறைந்தால்தான் கிளம்பணும் என்று உத்தரவு போட்டார். முன்னால் நின்ற வண்டி நிறையவே இல்லை. பின்னால் வந்ததெல்லாம் அந்த ஒற்றைத் தண்டவாளத்திலேயே வரிசை கட்டி நின்றது, கம்பெனி திவாலானது. இப்படி மூன்று கம்பெனிகளை முழுகடித்த பிறகுதான் ஐயாவுக்குப் புத்தி வந்தது. தூரத்தில் இருக்கிற இரண்டு பெரிய ஊர்களைப் பிடித்தார். போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டைத் தண்டவாளம் போட்டார். நடுவில் எங்கேயும் நிற்காத வேகமான வண்டி, சுற்றுப்பட்டு ஆட்களை ஸ்டேஷனுக்கு இழுத்துவர பஸ். அதற்கப்புறம் பணம் சேர்ந்தது.

பணம் சேர்ந்தால் மனுஷன் சும்மா இருப்பாரா? ஸ்டேஷனுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயரை வைத்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். பெயர் வைக்கிற நேரம் பார்த்து மனைவி பக்கத்தில் நின்றாள். அதனால் இருப்பதிலேயே பெரிய ஸ்டேஷன் 'மாமியார் ஜங்ஷன்' ஆனது. அக்காவுக்கு மிஞ்சியது மலைமேல் ஒரு குட்டி ஊர். 'அக்கா ஊர்' என்று வைத்தார்.

அக்காவுக்கு அதுவே பெரிய பெருமை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தால் முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் ஸ்டேஷனைப் பார்ப்பாள், அப்புறம்தான் டீ. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கினவள் அவள். அவள் முகம் சுண்டினால் மோட்டார்காரருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

ஆனால் அந்த மலை வண்டி இருக்கிறதே, அது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. ஏற்றத்தில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், பாதி வழியில் படுத்துக்கொள்ளும், உள்ளே பார்த்தால் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். வருஷா வருஷம் நஷ்டம். ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தார். அதில் மிச்சமான காசில் மாமியார் ஜங்ஷனுக்குப் புதிதாக ஒரு பிளாட்பாரம் கட்டினார். அக்கா கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார், பாவம்.

ஞாயிறு வருவதற்குள்ளேயே அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். தங்கமான மனுஷன், வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. திரையில் மலையைத் தேடிப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் எங்கே என்று கேட்டார். நம்மாள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் இல்லையா? பயணி வண்டியில் லாபம் எப்படி வருகிறது, எந்த வழியை வெட்டிவிட வேண்டும் என்று பாடமே நடத்தினார். அத்தான் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். வீட்டுக்குப் போய் அத்தனையையும் அக்காவிடம் ஒப்பித்துவிட்டார், புதுப் பிளாட்பாரம் உட்பட.

அந்த ஞாயிறு அக்கா வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. போன் போட்டால் அத்தான் எடுத்து, அவள் குளிக்கிறாள் என்பார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? மோட்டார்காரருக்குக் கடையில் கை ஓடவில்லை, சுற்று எண்ணிக்கை தப்பி, கட்டின காயிலையே பிரித்துப் பிரித்துக் கட்டினார். மனைவியிடம் புலம்பினால், எங்கம்மா லாபம் தர்ற இடத்துல இருக்காங்க, உங்கக்கா மலையில இருந்தா நான் என்ன பண்றது என்று கையை விரித்துவிட்டாள்.

கடைசியில் வருவது வரட்டும் என்று இறங்கினார். நன்றாக ஓடிய இரண்டு வண்டிகளை விற்றார். மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார். அக்கா ஊரில் கண்ணாடிக் கூரையோடு பெரிய ஸ்டேஷன் கட்டினார். கம்பெனி மறுபடியும் கடனில் முழுகியது, முழுகட்டும் என்று விட்டுவிட்டார். அத்தான் வாய்தான் இருக்கிறதே, அதன் வழியாகவே செய்தி போனது, அக்காவும் வந்தாள்.

வந்தவள் நேராகக் கடைக்குள் போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தாள். வண்டி சுரங்கத்திலிருந்து வெளியே வந்து அவள் ஸ்டேஷனில் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள். மோட்டார்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். நஷ்டமாச்சே, ஏன்டா போட்டே என்று கேட்டாள். நஷ்டம் வந்தா வரட்டும்க்கா, இனிமே ஒரு நாளும் நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரயில் தினமும் வருதுடா. நீ எப்ப வந்தே?"

கடையில் வேலை, ஞாயிறு நீதான் வந்துடுறியே என்று ஏதேதோ இழுத்தார்.

"முட்டி வலியோட ரெண்டு பஸ் மாறி நான் வரேன். நாங்க புது வீட்டுக்குப் போய் எத்தனை வருஷமாச்சு? எங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியுமாடா?"

அவருக்குத் தெரியாது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளை, அப்படியே உள்ளே போய்விட்டாள். அவருக்கு வெட்கமாகிவிட்டது, அடுத்த வாரம் நானே வரேன்க்கா என்றார்.

அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டரைத் திறக்காமல் கிளம்பினார். முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார், இரண்டாவதற்கு வெயிலில் காத்துக்கிடந்தார். இந்தப் பாட்டையா இவள் வாரா வாரம் பட்டாள் என்று நினைத்தபோது கண் கலங்கியது. இறங்கின இடத்தில் நாலு பக்கமும் ஒரே மாதிரித் தெருக்கள். போன் பண்ணி வழி கேட்டால் மானம் போகும். குத்துமதிப்பாக ஒரு தெருவுக்குள் திரும்பப் போனவரின் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

அக்கா. காலையிலிருந்து பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடை நிழலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்தப் பக்கம் இல்லடா," என்றாள், "இந்தப் பக்கம்."