சோஃபாவுக்குப் பின்னால் ஒரு சீன தேசபக்திப் பாட்டு

போன ஞாயிறு மதியம் என் ஒன்பது வயது மகள் யாழினி, பக்கத்து வீட்டு சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சீன தேசபக்திப் பாட்டு ஒன்றைப் பாடினாள். யோசனை என்னுடையது.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருப்பது நியூசிலாந்தில். எல்லர்ஸ்லியில் ஆபீஸ் முடித்து, ட்ரெயின் மாறி, ஏவன்டேல் வந்து சேர எனக்கு ஆறு மணி ஆகிவிடும். அதுவரை யாழினி பக்கத்து வீட்டுச் சீனத் தோழி லியிடம் இருப்பாள். லியின் மகள் ஆலிஸும் இவளும் ஒரே வகுப்பு.

லியின் அப்பா சீனாவில் இருக்கிறார். வாரம் தவறாமல் பேத்திக்குப் பாட்டு அனுப்புவார் — இளைய தலைமுறை மறக்கக் கூடாதவை என்று குறிப்போடு. கொடி, நதி, மலை, தாய்நாடு... அப்பாக்கள் ரிட்டயர் ஆவதே ஃபார்வர்ட் செய்வதற்குத்தானோ? என் அப்பா மதுரையிலிருந்து அனுப்பும் பாட்டுகளை நான் டவுன்லோடுகூடச் செய்வதில்லை.

லி சமைக்கும்போது அந்தப் பாட்டுகளை ஓடவிடுவார். ஆலிஸ் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தது யார்? நம் வீட்டுப் பெண்.

இதில் லி வேறு, ஆலிஸ் பிரமாதமாகப் பாடுகிறாள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தார். சும்மா, அவர் சந்தோஷத்துக்கு. இப்போது அவருக்குத் திங்கள்கிழமை இதய ஆபரேஷன். அதற்கு முன் பேத்தி பாடிக் கேட்க வேண்டும் என்றுவிட்டார்.

ஆலிஸுக்குச் சீன மொழி புரியும். ஆனால் ஒருமுறை அவள் உச்சரிப்பைக் கேட்டு உறவுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாயே திறப்பதில்லை. சனிக்கிழமை லி என் வாசலில் வந்து நின்றபோது கண்கள் சிவந்திருந்தன.

"ஆபரேஷனுக்கு முந்தின நாளா அப்பாவுக்கு இது தெரியணும்?" என்றார்.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? வாயசைக்க ஒருத்தி, பாட ஒருத்தி. லி சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் கணவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்கேயே தங்குறதுக்கான நம்ம ரெசிடென்ஸ் அப்ளிகேஷனே இன்னும் முடியல. யாராவது வீடியோ எடுத்துப் போட்டா? இந்தியாக்காரப் பொண்ணு எதுக்கு சீனக் கொடியைப் பத்திப் பாடுறானு கேக்க மாட்டாங்களா?"

சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது எனக்கும் அதே பயம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று — பொய் சொல்லாதே என்று தினமும் பாடம் எடுக்கும் நானே குழந்தையை ஒளியவைக்கிறேனே? நடுவில் பிடிபட்டால் அந்த மனிதரின் இதயம் என்ன ஆகும்?

ஞாயிறு வந்தது. போன் ஸ்டாண்டில் நின்றது. திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில், அதில் ஒல்லியாகத் தாத்தா.

முதல் சரணம் கச்சிதம். ஆலிஸ் ஹீரோயின் மாதிரி வாயசைத்தாள். தாத்தா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் ஆலிஸ் வாயை மூடிக்கொண்டாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. சோஃபாவுக்குப் பின்னால் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? கொடியும் நதியும் கணீரென்று போய்க்கொண்டிருந்தன. நான் கிச்சன் வாசலில் நின்று கையைக் கையை ஆட்டினேன்.

தாத்தா ஏதோ கேட்டார். லி தலை குனிந்தபடி பதில் சொல்லிவிட்டு, யாழினியை வெளியே கூப்பிட்டார். திரையில் அந்த முகம் அசையவே இல்லை. நெட் நின்றுவிட்டதா... இல்லை வேறு ஏதாவதா?

பிறகு அவர் யாழினியைப் பார்த்துப் பேசினார். எங்கள் பாட்டை நன்றாகப் பாடினாய், இப்போது உன் நாட்டுப் பாட்டு ஒன்று பாடு என்கிறார் என்றார் லி.

யாழினி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்திருந்தால்தானே பாடுவாள்? அவள் ஆலிஸ் பக்கம் திரும்பி, "அசெம்பிளி சாங்?" என்றாள். ஆலிஸ் தலையாட்டினாள்.

இரண்டு பேரும் நிமிர்ந்து நின்று, பள்ளியில் பாடுகிற நியூசிலாந்து கீதத்தைப் பாடினார்கள். முதலில் இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில், பிறகு ஆங்கிலத்தில். இந்த முறை ஆலிஸின் குரல்தான் தூக்கலாகக் கேட்டது. சுருதி சுமார்தான்.

தாத்தா மெதுவாகக் கை தட்டினார். லியிடம் ஏதோ சொன்னார். லி அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வழியா என் பேத்தி குரலைக் கேட்டுட்டேங்கிறார்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லி டம்ப்ளிங் என்கிற சீனக் கொழுக்கட்டை செய்து கொண்டுவந்து கொடுத்தார். நிம்மதியாகச் சாப்பிட்டேனா? எங்கே! பக்கத்து வீட்டில் ஓடுகிற பாட்டு என் மகளுக்கு வரி பிசகாமல் வருகிறது. எங்கள் வீட்டில் எதுவுமே ஓடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று மதுரையிலிருந்து அப்பா போன் செய்தார். சுதந்திர தினத்தன்று வீடியோ காலில் யாழினி ஒரு தேசபக்திப் பாட்டுப் பாடவேண்டுமாம்.

ஏவன்டேல் பக்கம் தமிழ்ப் பாட்டு தெரிந்த சீனக் குழந்தை யாராவது இருந்தால் சொல்லுங்கள் — எங்கள் வீட்டிலும் சோஃபா இருக்கிறது.