ஒரே வரியில் மூன்று எண்கள்

மார்த்தாண்டம் பிரவுசிங் சென்டரில் என் பக்கத்துக் கணினிக்காரர் கடலுக்குப் போகிறவர். தூண்டில் நரம்பு அறுத்த தழும்புள்ள ஒற்றை விரலால்தான் தட்டுவார். அவர் எழுதிய கணினி விளையாட்டில் மீன்பிடி வள்ளம் ஆற்று முகத்துவாரத்தில் கவிழ்ந்துகொண்டே இருந்தது. கவிழும்போதெல்லாம் அலை, வேகம், திசை மூன்றையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் திரையில் பிரிண்ட் செய்து பார்ப்பார்.

“ஒவ்வொண்ணா பாத்தா போதாதா அண்ணே?” என்று கேட்டேன்.

“தனியா கேட்டா மூணும் நான் சரிதாம்னு சொல்லும் மக்கா. சேத்து நிறுத்திக் கேட்டாத்தான் கவுத்தது எதுன்னு தெரியும்.”

ஒரு நாள் வள்ளம் கரை சேர்ந்தது. நான் கைதட்டினேன். அவரோ அலையின் எண்ணை இன்னும் உயர்த்தினார்.

“அதான் வள்ளம் கரைக்கு வந்துட்டுதே, பின்ன எதுக்கு அண்ணே?”

“இது சித்திரை அலை, சின்னது. ஆடியிலயும் நாங்க இதே வழியாத்தான் போறோம்.”

வள்ளம் மறுபடி கவிழ்ந்தது. முகம் வாடாமல் புதிய மூன்று எண்களைப் படிக்கத் தொடங்கிய அந்த மனிதரை நான் இன்னும் மறக்கவில்லை.