பெயர் இல்லாத பால் பாட்டில்

சாரலில் நனைந்த துண்டு வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும்தான்... அந்த ட்ரெய்னிங்கை நினைத்தாலே முதலில் மூக்கில் ஏறுவது.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹால். தென்காசி சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் இருந்து நர்ஸுகள் வந்திருந்தார்கள். தாய்ப்பால் தானம் பற்றி வந்த புது விதிகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது வேறு. சாப்பிடும்போதுகூடக் கழுத்தில் இருந்து ஐடி கார்டைக் கழற்ற மாட்டேன்.

அதுவரை எங்கள் பக்கத்து வார்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. குறைமாதப் பிள்ளையின் தாய்க்குப் பால் ஊறவில்லை என்றால், பக்கத்துக் கட்டில் தாயிடம் கேட்டு வாங்கி அப்படியே புகட்டிவிடுவார்கள். ட்ரெய்னிங்குக்கு வந்திருந்த ஜெபமணி சிஸ்டர் இதில் கெட்டிக்காரி. கடையநல்லூர் முஸ்லிம் குடும்பம் என்றால், பால் தந்தவளையே கூட்டிவந்து பெயர், ஊர், தெரு எல்லாம் சொல்லவைப்பார். ஒருத்தியின் பாலைக் குடித்தால் அவள் பிள்ளைகள் கூடப்பிறந்த முறை ஆகிவிடும், அவர்களுக்குள் கல்யாணம் கூடாது என்பது அவர்கள் மார்க்கம். அதனால் யார் பால் என்று தெரிந்தே ஆகவேண்டும்.

புது விதி இதை மாற்றியது. பால் தருகிறவளுக்கு ரத்தப் பரிசோதனை, பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்குவது, பாட்டிலில் பெயருக்குப் பதில் நம்பர். நல்ல விதிதான். இன்றைக்கும் எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜெபமணி சிஸ்டர் எழுந்து கேட்டார். "மேடம், கடையநல்லூர்க்காரங்க பேரு கேப்பாங்களே... என்ன சொல்லதுக்கு?"

"பேர் சொல்லக்கூடாது சிஸ்டர். அவ்வளவுதான்."

சொல்லும்போது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒருத்தரும் ஒழுங்காக உட்காரவில்லை. ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று யாருக்கோ போன் வந்துவிட்டது. எல்லோர் பையிலும் மாற்றுத்துணி, சோப்பு.

"மேடம், கூட்டம் ஏறிட்டுன்னா பொம்பளைங்க பக்கம் நிக்க முடியாது. சீக்கிரம் முடிங்க மேடம்!"

எனக்கும் ஆசைதான். கடைசி நாலைந்து ஸ்லைடைத் தள்ளிவிட்டு, "மீதி பேப்பர்ல இருக்கு, படிச்சுக்கோங்க" என்றேன். எல்லாம் சென்னையில் இருந்து தயாராக வந்தவை. அந்தக் கடைசிப் பக்கங்களை நானே படித்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே அருவிக்குப் போனோம். தலை துவட்டிக்கொண்டே சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றோம்.

அடுத்த மாதம் ஜெபமணி சிஸ்டர் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. ரஹ்மத் என்ற பெண்ணுக்கு பிரஷர் ஏறி, ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருந்தார்கள். ஆண் பிள்ளை. உள்ளங்கையில் அடங்கிவிடுவான் போல இருந்தான். அவளுக்கு நினைவே சரியாகத் திரும்பவில்லை, பாலுக்கு எங்கே போக. புருஷன் சவுதியில். முடிவு எல்லாம் அவள் வாப்பா காதர் மைதீன் கையில்.

சிஸ்டர் பாட்டிலைக் கொண்டுவந்தார். பெரியவர் கேட்டார். "யாரு பாலும்மா இது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"அதச் சொல்லக்கூடாது பாய். புது ரூல்," என்றேன் நான்.

"நான் சண்டைக்கு வரல தாயி. பேர மட்டும் சொல்லுங்க, எழுதி வச்சுக்கிடுதேன். நாளைக்கு இவன் வளந்து, தெரியாம அந்த வீட்லயே பொண்ணு எடுத்துட்டான்னா பாவம் யாருக்கு?"

"சொல்ல முடியாது பாய்."

"அப்பம் வேண்டாம். பவுடர் பாலே குடுங்க."

குறைமாதக் குடலுக்குப் பவுடர் பால் ஆபத்து என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். பெரியவர் அழுதார், ஆனால் மனசு மாறவில்லை. சிஸ்டர் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"மேடம், பால் தந்தவ மாடி வார்டுலதான் கெடக்கா. அச்சன்புதூர் செல்வி. ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டா? அவளே வந்து பேரச் சொல்லுவா."

"ரூல மீறினா லைசென்ஸ் போயிரும் சிஸ்டர்," என்றேன்.

நாலாம் நாள் பிள்ளைக்கு வயிறு ஊதியது. ஆறாம் நாள் போய்விட்டான்.

அந்தப் பாலைக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன்.

பிறகு ஒருநாள் அந்த ட்ரெய்னிங் பேப்பரை எடுத்து முழுசாகப் படித்தேன். கடைசிக்கு முந்தின பக்கம். பால் தந்தவர் எழுத்தில் சம்மதித்தால், கேட்கிற குடும்பத்துக்குப் பெயரைச் சொல்லலாம்... ஒரே ஒரு வரி. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது அந்த வரிதான் என் முதல் ஸ்லைடு. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் வகுப்பு வைப்பதே இல்லை. அன்றைக்கு என்ன சிரிப்பு, என்ன கும்மாளம்... இப்போது வகுப்பு முடிந்ததும் ஆளாளுக்குப் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். எனக்கும் அருவிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. ஜெபமணி சிஸ்டர் ரிட்டயர் ஆகி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

போன வாரம் வேறொரு ஆஸ்பத்திரியில் பால் தானம் தர ஒரு பெண் வந்தாள். மடியில் கொழுகொழுவென்று ஒரு பெண் பிள்ளை. ஃபாரத்தில் பெயரைப் பார்த்தேன். ரஹ்மத்.

"அன்னைக்கு இருந்த மேடம் நீங்கதானே? இங்கன உள்ள சிஸ்டர் சொன்னாங்க. இப்பம் சம்மதம் எழுதிக் குடுத்தா பேரச் சொல்லலாமாமே. எம்பேர யாரு கேட்டாலும் சொல்லலாம்னு எழுதிக்கோங்க மேடம்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வாப்பாதான் மேடம் பாவம். எம்பேரன நானே கொன்னுட்டேன்னு இன்னமும் புலம்புதாங்க. இவளத் தூக்கவே மாட்டுக்காங்க, பயம். ரூலு அப்பிடி இருந்தா நீங்களும் என்ன செய்வீங்க... இல்லையா மேடம்?"

இங்கே உங்களுக்கு எழுதிவிட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

"ஆமாம்மா," என்றேன். "அப்ப ரூல் அப்படித்தான் இருந்துச்சு."