காய்ச்சல் இல்லாத வருத்தம்

போன வருசம் சிறுபோகம் விதைச்ச கையோட, மல்லாவிப் பக்கம் எங்கட வீட்டில நடந்தது இது. இப்ப எழுதேக்கையும் உடம்பெல்லாம் கூசுது.

மனிசி காமென்ஸுக்கு, உடுப்புத் தைக்கிற பக்டரிக்கு, வேலைக்குப் போறவா. விடிய முன்னமே பஸ் வந்திடும். அதால மூண்டாம் வகுப்புப் படிக்கிற மகளை எழுப்பி, வெளிக்கிடுத்தி, பள்ளிக்கூடம் அனுப்புறது என்ர பொறுப்பு. நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். எங்கட வீட்டில ஒரு சட்டம் இருந்தது. நெத்தியில கை வைச்சாச் சுடவேணும். சுட்டா வீட்டில நிக்கலாம், சுடாட்டிப் பள்ளிக்கூடம். வயித்துக்குத்து, தலையிடி எல்லாம் என்னட்டச் சரிவராது. பின்னை என்ன, நானும் சின்னனில எத்தினை வயித்துக்குத்துக் காட்டினனான்!

அண்டைக்கு விடிய, மகள் வயிறு நோகுதெண்டாள். நெத்தியைத் தொட்டுப் பாத்தன். குளிர்ந்துதான் கிடந்தது. "எழும்படி கள்ளி, முகத்தைக் கழுவு" எண்டன். எழும்பி வந்தவள் குசினி வாசல்ல நிண்டு, "அப்பா, ஏன் ரெண்டு அப்பா நிக்கிறியள்?" எண்டு கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. புதுசா ஒரு சாட்டுக் கண்டுபிடிச்சிட்டாள் எண்டு நினைச்சன். ஆனா அவள் சிரிக்கேல்லை. எனக்குப் பக்கத்தில, ஒருத்தரும் இல்லாத இடத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். குரலும் மூக்கால வந்தது. "சரி, இண்டைக்கு நில்லு. போய்ப் படு" எண்டு சொல்லிப்போட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிட்டன். சட்டத்தை மீறி நிக்க விட்டதே பெரிய இரக்கம் எண்டு எனக்கு நினைப்பு.

திரும்பி வரேக்க வெயில் ஏறியிட்டுது. வீட்டுக்குள்ள சத்தம் சிலமன் ஒண்டும் இல்லை. தூரத்தில பள்ளிக்கூட மணி அடிக்கிறது கேட்டது. பிள்ளை பாயில மல்லாந்து கிடந்தாள். கண் பாதி மூடி, வெள்ளை முழி மட்டும் தெரிஞ்சுது. அந்த நேரம் பாத்து மனிசி வேலையிடத்தில இருந்து போன் எடுத்தா. "ஒண்டுமில்லை, கள்ளி நல்லா நடிக்கிறாள்" எண்டு பிள்ளையின்ர தலைமாட்டில இருந்தே சொல்லிச் சிரிச்சன்.

போனை வைச்சிட்டு உள்ளங்காலில கிச்சுக்கிச்சு காட்டினன். விரல் கிட்டப் போகவே துள்ளி விழுகிற பிள்ளை. கால் அசையேல்லை. மற்றக் காலும் அசையேல்லை. முகத்தைப் பாத்தன். ஒரு அசைவும் இல்லாத அந்த முகத்தில, பாதி மூடின கண்ணில இருந்து கண்ணீர் மட்டும் வழிஞ்சு காதுக்குள்ள போய்க்கொண்டிருந்தது.

ஐயோ கடவுளே! வாரித் தூக்கினன், கழுத்து பின்னால தொங்கிச்சுது. நான் குழறின குழறலில பக்கத்து வளவு அக்கா ஓடி வந்தா. "காத்துக்கறுப்பு ஏதும் பட்டிட்டுதோ தெரியேல்லையே" எண்டு பதறினாலும், கையோட ஸ்கூட்டியை எடுத்திட்டா. "தம்பி, நூல் கட்டுறதைப் பிறகு பாப்பம். முதல்ல ஏறுங்கோ!"

ஆஸ்பத்திரியில டொக்டர் பிள்ளையின்ர இமையைத் தூக்கிப் பாத்திட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி நிலத்திலயோ படுத்தவ?" எண்டதுதான். வெக்கைக்கு நாங்கள் எல்லாருமே நிலத்திலதான். எண்ணெய் விரியன் பாம்பு கடிச்சிருக்கு எண்டார். நித்திரையில கடிச்சா நோவும் தெரியாதாம், பல்லுத் தடமும் தெரியாதாம். விடிய வயிறு நோகும், பாக்கிறதெல்லாம் ரெண்டாத் தெரியும், பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமா ஓய்ஞ்சு கடைசியில மூச்சும் நிண்டிடுமாம். பள்ளிக்கூடமோ வீடோ எண்டு யோசிச்சனே தவிர, ஆஸ்பத்திரி எண்ட நினைப்பே எனக்கு வரேல்லை.

விச மருந்து ஏத்தி, மூச்சுக்கு மெசின் பூட்டி, அம்புலன்சில பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினவை. எங்கட சனம் வீடு முழுக்கக் கிளறித் தேடினது. பாம்பைக் கடைசிவரைக்கும் ஒருத்தரும் காணேல்லை.

கடவுள் புண்ணியத்தில பிள்ளை தப்பிட்டாள். வாய் திறந்து கதைக்கத் தொடங்கின அண்டைக்கு, தாயின்ர மடியில சாய்ஞ்சுகொண்டு என்னைக் கேட்டாள்: "அப்பா, எனக்கு எல்லாம் கேட்டது. நடிக்கேல்லை, நடிக்கேல்லை எண்டு எவ்வளவு கத்தினனான் தெரியுமே? ஏன் உங்களுக்குக் கேக்கேல்லை?"

நான் எழும்பி வெளியில போய், ஆக்கள் பாக்கப் பாக்க அழுதன்.

இப்ப எங்கட வீட்டில கட்டிலும் வந்திட்டுது, நுளம்பு வலையும் வந்திட்டுது. இன்னமும் சிலநாள் பொய்க்கு வயித்துக்குத்து எண்டுவாள், அது எனக்கும் விளங்கும். எண்டாலும் கண்ணுக்குள்ள பாத்து, நாலு கதை கதைக்க வைச்சுப் பாக்காமல் நான் ஒரு முடிவும் எடுக்கிறேல்லை. ஏமாந்து போனாலும் பரவாயில்லை, எங்களுக்குக் கேக்காமலும் ஒரு பிள்ளை கத்திக்கொண்டு கிடக்கும் எண்டது எனக்கு இப்ப தெரியும்.